ஒரு தட்டு முன்னால்

நான் வாசிப்பதை நிறுத்திக்கொண்ட மாதத்தில், எங்கள் வட்டாரத்து இசைக் கலைஞர்கள் ஒரு கல்யாண மண்டபத்தில் கூடி எனக்குச் சால்வை போட்டார்கள். முப்பத்தாறு வருஷம் டிரம்ஸ் வாசித்தவனுக்கு ஒரு சால்வை, ஒரு மத்தியானச் சாப்பாடு. சந்தோஷமாகத்தான் இருந்தது. பேச வந்த ஒரு தம்பி, நல்ல வாசிப்புக்காரர், மைக்கைப் பிடித்துக் கேட்டார்: "கிளிக் இல்லாம நீங்கெல்லாம் எப்புடீங்ணா வாசிச்சீங்க? காதுல அது ஓடறதுனாலதான் இப்பெல்லாம் யாரும் ஜெபராஜ் ஆகறதில்லீங்க."

கிளிக் என்றால் வேறொன்றுமில்லை. இப்போது வாசிக்கிறவர்கள் காதில் ஒரு சின்னக் கருவியை மாட்டிக்கொள்கிறார்கள். அது பாட்டு முடியும் வரைக்கும் டிக், டிக் என்று எண்ணிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். தாளம் புரளவே வழி இல்லை.

அவர் சொன்னதற்கு மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். பந்தியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தபோது, ஜெபராஜ் என்றால் யார் என்று மெதுவாகக் கேட்டேன். "ஆளெல்லாம் ஒண்ணும் இல்லீங்ணா. தாளம் விட்டு உழுந்தா அப்புடிச் சொல்றது. எல்லாரும் சொல்றாங்க, நாங்களும் சொல்றோம்" என்றபடி ரசம் ஊற்றிக்கொண்டார். நான் பாதியிலேயே இலையை மடித்துவிட்டு எழுந்துவிட்டேன்.

இப்போது இசைக் கலைஞர் சங்கத்து மலருக்குக் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். டிரம்ஸ் வாழ்க்கையைப் பற்றி ஜாலியாக எழுதுங்கள் என்றார்கள். ஜாலியான பகுதியை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன்.

நான் சோமனூர்க்காரன். வீட்டோடு ஒட்டிய கொட்டகையில் எங்களுக்கு எட்டு விசைத்தறி. தறிச் சத்தத்தில் பிறந்ததால்தான் இவனுக்குத் தாளம் வந்தது என்று மேடையில் என்னை அறிமுகம் செய்கிறவர்கள் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். அது பாதிதான் உண்மை. எட்டுத் தறியும் ஒரே தாளத்தில் ஓடாது. ஒன்று கொஞ்சம் முந்தும், ஒன்று பிந்தும். சேர்ந்து அடிக்கிற மாதிரி இருந்த இரண்டு தறி, கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டால் ஒன்றின் இடைவெளியில் மற்றொன்று அடித்துக்கொண்டிருக்கும். நான் கற்றுக்கொண்டது, அத்தனை இரைச்சலுக்குள் மூன்றாவது தறி ஒன்றை மட்டும் பிடித்துக் கேட்பது எப்படி என்பதைத்தான். வாத்தியார் கிடையாது. ஒரு சவுண்ட் சர்வீஸ் கடையில் கிழிந்த தோலோடு கிடந்த டிரம்ஸ் செட்டை உட்கார்ந்து தட்டித் தட்டிப் பழகினேன். எங்கள் அம்மா கேட்டதுதான் இதில் முதல் விமர்சனம்: "ஊட்டுல இருக்கற சத்தம் பத்தலன்னா சாமி நீ வெளிய போயித் தட்டற?"

ஜனங்கள் சொல்வதை மனதில் போட்டு வைத்துக்கொள்வது என் பழக்கம். ஒரு கம்பெனி ஆயுத பூஜையில் முன்வரிசையில் இருந்த அம்மாள், பக்கத்து அம்மாளிடம் கேட்டார்: "இந்தப் பையன் என்னத்துக்கு இத்தன கோவமா இருக்கறான், சம்பளம் வரலீங்களா?" இன்னொரு முறை, துணி வாங்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் வாசிப்பு முடிந்ததும் என்னிடம் வந்து கைகுலுக்கவில்லை. குனிந்து என் பெரிய டிரம்முக்குள் எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார். உள்ளே அவருடைய ஆர்டரில் வெட்டிப்போட்ட துணிதான் அடைத்திருந்தது.

அதைச் சொல்ல வேண்டும். காலால் மிதித்து அடிக்கிற பெரிய டிரம்முக்குள் ஒன்றும் வைக்காவிட்டால் அது குடம் மாதிரி முழங்கும். ராக் பாட்டுக்கு அந்த முழக்கம் ஆகாது. அடித்த இடத்தில் அடங்க வேண்டும், நெஞ்சில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி. மற்ற ஊர்களில் தலையணை வைப்பார்கள். நான் பகலில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், ஆகவே கட்டிங் வேஸ்டுக்குப் பஞ்சமில்லை. மெல்லிய பனியன் துணியை அடைத்தால் சத்தம் செத்துப்போகும். குளிருக்குப் போடுகிற கனத்த துணி, உள்பக்கம் பஞ்சு மாதிரி இருக்குமே, அதை நான்கு விரல் உயரத்துக்கு அடியில் மட்டும் பரப்பி, அடிக்கிற தோலை லேசாகத் தொடுகிற மாதிரி வைக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று.

எங்கள் குழுவின் பெயர் டார்க் ஷேடு. பெயர் வைத்தவர் துரைசாமி அண்ணன், எங்கள் லீடர், கிடார் வாசிப்பவர். அவர் சாயப்பட்டறை லேபில் கலர் பார்க்கிறவர். வெள்ளை விளக்குப் பெட்டிக்குள் இரண்டு துண்டுத் துணியை வைத்து, ஒன்றில் சிவப்பு இழையளவு கூடியிருப்பதைக் கண்ணால் சொல்லிவிடுவார். பாட்டையும் அப்படித்தான் கேட்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு நூல் குடோனில் பயிற்சி. சுவர் முழுக்க நூல் மூட்டை அடுக்கியிருக்கும், சத்தம் வெளியே போகாது. அண்ணன் ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. எங்களைவிடப் பத்து வயது மூத்தவர், ஆனாலும் எல்லாருக்கும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார்.

அவரிடம் இரண்டு சட்டங்கள் இருந்தன. முதல் சட்டம் மேடைக்கு. யார் தப்பு செய்தாலும் சரி, எல்லாரும் டிரம்ஸோடு போய்ச் சேர்ந்துவிட வேண்டும். டிரம்மர் தப்பு செய்தால் அவன் திருத்தவே கூடாது, தப்பிலேயே நிற்க வேண்டும், மற்றவர்கள் அவனிடம் வந்துவிடுவார்கள். "நீங்க ஆடாம நில்லுங்க ஆறுமுகம், நாங்க வந்தர்றோம்" என்பார். யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். வண்டி தப்பான ரோட்டில் போனாலும் எல்லாரும் ஒரே வண்டியில் இருந்தால் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது.

இரண்டாவது சட்டம் மேடைக்குப் பிறகு. சாமான்களை டெம்போவில் ஏற்றிவிட்டு, அவிநாசி ரோட்டில் ஒரு பேக்கரியில் உட்காருவோம். டீ வந்ததும் அண்ணன் ஒரே ஒரு வார்த்தை கேட்பார்: "எங்கீங்க?" எங்கே தப்பு நடந்தது என்று அர்த்தம். ஒவ்வொருவரும் அவரவர் தப்பை அவரவர் சொல்ல வேண்டும். அடுத்தவர் தப்பைச் சொல்லக்கூடாது, ஜாடையாகக்கூட. அண்ணனே முதலில் ஆரம்பிப்பார், ரெண்டாவது பாட்டில் ஒரு கம்பி இறங்கியிருந்தது, கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்று. எல்லாரும் சொல்லி முடித்ததும் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும், மறுநாள் யாரும் எடுக்க மாட்டார்கள். சண்டை போடாமல் இருபது வருஷம் ஓடிய குழு இந்தப் பக்கத்தில் எங்களுடையது ஒன்றுதான். அந்தச் சட்டத்தால்தான் ஓடியது.

ஜெபராஜ் எங்கள் பாட்டுக்காரர். தூத்துக்குடிப் பக்கம். பனியன் கம்பெனியில் டெய்லராக வந்தவர், என்னைவிட ஆறு வயது சின்னவர். சிரிக்க வைத்துக்கொண்டே இருப்பார். எங்கள் ஊர்ப் பேச்சைக் கேட்டுவிட்டு, "ஏண்ணே, இங்க திட்டுனாலும் 'ங்க' போட்டுத் திட்டுதீகளே, எப்படிக் கோவம் வரும்?" என்பார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து நேராகக் குடோனுக்கு வருவார். கோயிலில் பாடிய குரல்தான் இங்கேயும், ஆனால் இங்கே வந்ததும் அதில் மணல் கலந்துவிடும். எங்களுக்கென்று இருந்த சொந்தப் பாட்டுகளில் நன்றாக ஓடியது அவர் எழுதியதுதான். ஷிப்டு முடித்துவிட்டு வந்து படுக்கிறவனுக்குக் காலையில் கம்பெனிச் சங்கு கேட்கிறது, 'சங்கு ஊதிடுச்சு, நான் இன்னும் தூங்கல' என்று வரும். கல்லூரிப் பிள்ளைகள் அந்த வரியைச் சேர்ந்து கத்துவார்கள்.

இனிதான் நான் எழுத வந்தது.

ஜெபராஜ் எங்களோடு பாடிக்கொண்டிருந்தபோது ஒரு வருஷம் என் இடது காதில் இரைச்சல் ஆரம்பித்தது. கோயம்புத்தூரில் ஒரு டாக்டரிடம் காட்டினேன். இடது காதில் பாதிக்கு மேல் போய்விட்டது, இனி வாசித்தால் மீதியும் போகும் என்றார். நான் வீட்டிலும் சொல்லவில்லை, அண்ணனிடமும் சொல்லவில்லை. காது போன டிரம்மரை யார் வைத்துக்கொள்வார்கள்? கட்டிங் டேபிளில் நான் பத்துப் பேரில் ஒருவன். டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்தால்தான் நான் ஆறுமுகம். அதை விட முடியவில்லை.

ஒரு பொறியியல் கல்லூரியில் கலைவிழா. திறந்தவெளி மேடை, மத்தியானம் மூன்று மணி, வெயிலில் டிரம் தோலெல்லாம் இறுகி நிற்கிறது. சங்குப் பாட்டின் நடுவில் ஓர் இடம் உண்டு. டிரம்ஸ், பேஸ் கிடார், கீபோர்டு எல்லாம் நின்றுவிடும். அண்ணன் கிடாரும் ஜெபராஜ் குரலும் மட்டும் எட்டுச் சுற்று போகும். எட்டு முடிந்து ஒன்றாவது எண்ணில் நான் இறங்க வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணினால் ராக் பாட்டில் ஒன்றிலும் மூன்றிலும் கால், இரண்டிலும் நான்கிலும் கைக் குச்சி. ஜனங்கள் கை தட்டுவதும் இரண்டிலும் நான்கிலும்தான்.

அண்ணன் கிடாரின் பெட்டி எனக்கு இடது பக்கம் இருந்தது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் கிடார் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. கேட்டதாக நினைத்துக்கொண்டு இறங்கினேன். எட்டாவது சுற்றின் நான்கிலேயே, ஒரு தட்டு முன்னால் இறங்கிவிட்டேன்.

இரண்டு சுற்றுக்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. முன்வரிசைப் பெண்பிள்ளைகளின் கைதட்டு என் குச்சிக்கு நேர் எதிரில் விழுந்தது. ஆனால் சட்டம் இருக்கிறதே, ஆடாமல் நின்றேன். அண்ணன் தாவி என்னிடம் வந்தார், பேஸும் கீபோர்டும் வந்தன. வராதவர் ஜெபராஜ் ஒருவர்தான். அவர் தன் பாட்டில் இருந்தார், தான் எழுதிய பாட்டில், இருக்க வேண்டிய இடத்தில். நான்கு பேர் ஒரு பக்கமும் ஒருவர் ஒரு பக்கமும் இருந்தால் கேட்கிறவர்களுக்கு யார் தப்பு? 'சங்கு ஊதிடுச்சு' என்று அவர் எடுத்தது எங்களுக்குப் பின்னால் இழுபட்டது. வார்த்தை குழறியது, நிறுத்தினார், மறுபடி எடுத்தார், அதுவும் விழுந்தது. பிள்ளைகள் 'ஊ' என்று ஊளையிட ஆரம்பித்தார்கள். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. வழி தெரியாதவன் கேட்கிற மாதிரி இருந்தது.

பேக்கரியில் டீ வந்தது. அண்ணன் தன் தப்பு ஏதோ ஒன்றைச் சொன்னார். பிறகு "எங்கீங்க?" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு மட்டும் அவர் இரண்டாவது முறையும் கேட்டார், டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டு. நான் தேங்காய் பன்னைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். ஜெபராஜ்தான் சொன்னார்: "எனக்குத்தாண்ணே தாளம் விட்டுப்போச்சு. எம் பாட்டுலயே விட்டுட்டேன் பாத்தீகளா."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஒரு பாட்டில் குச்சி வழுக்கியது என்று சொன்னேன். அது உண்மைதான், குச்சி வழுக்கத்தான் செய்தது.

அதற்கடுத்த நிகழ்ச்சிகளில் ஜெபராஜ் ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் என்னைத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார். இடது கையைத் தொடைக்குப் பின்னால் வைத்து விரலால் எண்ணிக்கொள்வார். ஜனங்களுக்கு முதுகைக் காட்டுகிற பாட்டுக்காரனை ஜனங்களுக்குப் பிடிக்காது. மேளக்காரர்கள், கீபோர்டுக்காரர்கள், சவுண்ட் சர்வீஸ்காரர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள், கல்லூரிக் கதை ஊர் ஊராகப் போயிற்று. நானோ, வெயில் படுகிறது என்று ஒரு சாக்குச் சொல்லி, கிடார்ப் பெட்டியை என் வலது பக்கம் மாற்ற வைத்தேன். எனக்கு வேண்டிய பாதுகாப்பை நான் தேடிக்கொண்டேன். ஆறாவது மாதம், "எனக்குத் தாளம் நிக்கலண்ணே, உங்களையும் சேத்து இழுக்கேன்" என்று சொல்லி ஜெபராஜ் நின்றுவிட்டார். வேறொருவர் வந்தார், குழு ஓடியது. ஒரு நாள் பழைய பஸ் ஸ்டாண்டில் அவர் மனைவியைப் பார்த்தேன். நலம் விசாரித்ததற்கு, "இப்ப கோயில்லகூடப் பாட மாட்டேங்காகண்ணே. பின்னால போயி நிக்காக" என்றார். அதைக் கேட்டும் நான் பஸ் ஏறிப் போய்விட்டேன். அதன்பின் பதினெட்டு வருஷம் போனது.

மண்டபத்தில் எல்லாரோடும் சேர்ந்து சிரித்தேன் என்று சொன்னேன் இல்லையா, அந்தச் சிரிப்புதான் என்னை வீட்டில் உட்கார விடவில்லை. அடுத்த ஞாயிறு விசாரித்துக்கொண்டு அவிநாசிக்குப் போனேன். ஜெபராஜ் இப்போது அங்கே ஒரு கம்பெனியில் செக்கிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். தலை நரைத்திருந்தது. வீட்டு வாசலில் நாற்காலி போட்டு, காபி கொடுத்து, என் உடம்பைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார். நான் காபியைக் கீழே வைத்துவிட்டு, காது, டாக்டர், ஒரு தட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, "கை தட்டுங்க" என்றார். புரியாமல் பார்த்தேன். "அன்னைக்கு நீங்க எறங்குன மாதிரியே தட்டுங்கண்ணே." நான் தட்டினேன். அவர் அதன்மேல் அந்த வரியைப் பாடவில்லை, உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார். ஒருமுறை நிறுத்தி, சரியான இடத்தில் என்னைத் தட்டச் சொல்லி, மறுபடி சொல்லிப் பார்த்தார். வரி அதன் இடத்தில் போய் உட்கார்ந்தது.

"எம் மவன் சவுண்ட் சர்வீஸுக்குப் போறாம்ணே" என்றார். "அங்க பயலுவ பேசுததைக் கேட்டுட்டு ஒரு நா வந்து கேட்டான், எப்பா, ஜெபராஜ் ஆயிட்டான்னு சொல்லுதாங்களே, அது நீயான்னு. ஆமாம்னு சொன்னேன்."

நான் அழவில்லை, அழுகிற உரிமை எனக்கு இல்லை. மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார், ஆமென்றும் இல்லை, இல்லையென்றும் இல்லை. "என்கிட்ட மட்டும் சொன்னாப் போதுமாண்ணே? அன்னைக்கு நான் எங்க வச்சு ஒத்துக்கிட்டேன்? அங்க வச்சுச் சொல்லுங்க."

அந்த வாரமே மூன்று பேரும் பேக்கரிக்குப் போனோம். பேஸ் வாசித்தவர் தவறிவிட்டார், கீபோர்டுக்காரர் பிள்ளைகளோடு வெளிநாட்டில் இருக்கிறார். துரைசாமி அண்ணனுக்கு எழுபதுக்கு மேல் ஆகிவிட்டது, பேரன் பைக்கில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான். எதற்கு என்று போனில் நான் சொல்லவில்லை. டீ வந்தது. கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டேன், கல்லூரியில் ஒரு தட்டு முன்னால் இறங்கியது நான் என்று.

அண்ணன் ஆச்சரியப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"எனக்கு அன்னைக்கே தெரியுமுங்க" என்றார். "நானும் அவரும் மட்டும்தான எட்டுச் சுத்து போய்ட்டிருந்தோம். அவர் இருந்த எடம் எனக்குத் தெரியாதுங்களா? நீங்க சொல்லுவீங்கன்னு ரெண்டு தரம் கேட்டன். அடுத்தவன் தப்பச் சொல்லப்படாதுன்னு நானே வச்ச சட்டம். அதுக்குப் பின்னால ஒளிஞ்சிக்கிட்டனுங்க." டீ கிளாஸைத் தள்ளி வைத்தார். "அது மட்டும் இல்லீங்க. டிரம்மர் கெடைக்கறது கஷ்டம், பாட்டுக்கு யாராச்சும் வந்துருவாங்கன்னு நெனச்சன். அதுதானுங்க என்ற தப்பு."

இப்படி ஒரு கணக்கு அவர் மனதில் ஓடியிருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. நான் காப்பாற்றப்பட்டேன் என்பதும், யாரைக் கொடுத்துக் காப்பாற்றினார்கள் என்பதும் எனக்கு அப்போதுதான் முழுசாக விளங்கியது.

பழக்க தோஷம், அண்ணன் ஜெபராஜ் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு எங்கீங்க?" என்றார், கேட்டபிறகு சங்கடப்பட்டார்.

"எனக்கு ஒண்ணுமில்லண்ணே" என்றார் ஜெபராஜ். "நான் சரியாத்தான் பாடுனேன்."

சொல்லிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். மகனைக் கூப்பிட்டு, ஒருத்தர் பேசுவார் கேட்டுக்கோ என்று மட்டும் சொல்லி என்னிடம் நீட்டினார். நான் என் பெயரைச் சொன்னேன். அந்தப் பிள்ளைக்கு என் பெயர் தெரிந்திருந்தது, "டிரம்ஸ் ஆறுமுகம் அண்ணனா?" என்று மரியாதையாகக் கேட்டார். மூன்றாவது முறையாக எல்லாவற்றையும் சொன்னேன். முதல் இரண்டு முறையைவிட அது கஷ்டமாக இருந்தது. கேட்டுவிட்டு அவர், "அப்ப எங்க அப்பா தப்பு ஒண்ணுமே இல்லியா?" என்றார். ஒன்றுமே இல்லை என்றேன். சரி என்று வைத்துவிட்டார்.

ஜெபராஜ் மறுபடி பாட ஆரம்பித்துவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. பதினெட்டு வருஷம் சும்மா இருந்த தொண்டை, போய்விட்டது என்கிறார். கோயிலிலும் இன்னும் பின்வரிசையில்தான் நிற்கிறாராம். இந்தக் கட்டுரையை அவரிடம் படித்துக் காட்டினேன். பெயரை மாற்ற வேண்டாம், அப்படியே போடுங்கள் என்றார்.

ஆகவே மலரைப் படிக்கிற தம்பிகளே, உங்கள் காதில் கிளிக் ஓடுகிறது, நல்லது. ஆனால் ஒரு நாள் கரண்ட் போகும், பாட்டரி தீரும், யாருக்காவது தாளம் புரளும். அப்போது கேலி பண்ண ஒரு பெயர் வேண்டுமென்றால் ஆறுமுகம் என்று சொல்லுங்கள். ஆறுமுகம் ஆயிட்டான் என்று சொல்லுங்கள். யார் அந்த ஆறுமுகம் என்று பந்தியில் யாராவது கேட்டால், ஆளெல்லாம் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.